பாசிக்குள் மாவுச்சத்து சேர்வதையும் கரைவதையும் வீட்டிலேயே பார்ப்பது எப்படி

பச்சைப் பாசி பகலில் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்து, இருட்டில் அதையே கரைத்து உயிர்வாழ்கிறது. இதைக் கண்ணால் பார்க்க, 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பும் அயோடின் கரைசலும் போதும்.

பெங்களூரில் பாசி என்றதும் பலருக்கும் அல்சூர் ஏரிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஏரிகளின் மேல் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படர்வது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அது மாவுச்சத்துக்குப் பதிலாகக் கிளைக்கோஜன் என்னும் வேறு சேமிப்புப் பொருளை வைத்திருப்பதால், அயோடின் பட்டாலும் மாவுச்சத்தைப்போல் நீலக்கருமை காட்டாது. மொட்டைமாடியில் இருக்கும் அல்லித்தொட்டியே இதற்கு நல்ல இடம். விரலில் எடுத்தால் வழுவழுவென்று நழுவும் மயிரிழை போன்ற பாசி ஸ்பைரோகைரா என்னும் பச்சைப் பாசியாக இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில், செல்லுக்குள் பசுங்கணிகம் (ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பு) சுருள்நாடாவாகச் சுற்றியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரே கொத்தைப் பிரித்து, அதே தொட்டி நீருடன் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் இடுங்கள். ஒன்றை நேர்வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரத்தில் வையுங்கள். மற்றதைக் கறுப்புத்தாளில் சுற்றி இரண்டு நாள் அலமாரிக்குள் வையுங்கள். இருட்டிலும் பாசி சுவாசிப்பதால், புட்டியில் பாதியளவே நீர் விட்டு மூடியைத் தளர்வாக வைப்பது அவசியம். இரண்டாம் நாள் மாலையில், அதாவது பகல் முழுவதும் சேர்ந்த மாவு செல்லுக்குள் இருக்கும் நேரத்தில், இரண்டிலிருந்தும் சில இழைகளை எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தகடுகளில் ஊசியால் பரப்புங்கள். பால் கலக்காத தேநீரின் நிறத்துக்கு நீர்த்த அயோடினில் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

வெளிச்சத்தில் இருந்த இழையில் பச்சை நாடாவின் மீது கருநீல மணிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மணியின் நடுவிலும் இருப்பது பைரினாய்டு என்னும் புரதத் திரள். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி அங்கே குவிந்திருக்கிறது. மாவுத்தகடுகள் அதைச் சுற்றி உறைபோல் வளர்கின்றன. ரூபிஸ்கோ பிடித்த கார்பனிலிருந்து ஒளியில் உண்டாகும் பாஸ்போகிளிசரேட் என்னும் பொருள் மாவு ஆக்கத்தைத் தூண்டும். செல்லில் பாஸ்பேட் மிகுந்தால் மாவு ஆக்கம் அடங்கும். குளுக்கோஸைச் சுமந்துவரும் அடினோசின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் என்னும் மூலக்கூறிலிருந்து ஒரு நொதி அந்தக் குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோக்க, இன்னொன்று கிளைகளை உண்டாக்குகிறது. கிளையில்லாத சங்கிலிகளின் சுருளுக்குள் அயோடின் புகுவதால்தான் அந்தக் கருநீலம் வருகிறது.

இருட்டில் இருந்த இழையில் மணிகள் வெளிறியும் சிறுத்தும் இருக்கும். ஒளி நின்றபின் அமைலேஸ் நொதிகள் மாவை மால்டோஸ் என்னும் சர்க்கரையாகவும், பாஸ்போரிலேஸ் நொதி குளுக்கோஸ் பாஸ்பேட்டாகவும் வெட்டிவிடுகின்றன. செல் அவற்றை எரித்து இரவைக் கடக்கிறது. பைரினாய்டைச் சுற்றிய உறை முற்றிலும் மறையாமல் இருக்கலாம் என்பதால், நிறம் உண்டா இல்லையா என்று பாராமல், இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்து ஒப்பிடுவதே சரியான முறை என்பேன். வேறுபாடு தெரியாவிட்டால், கறுப்புத்தாளில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, மேலும் ஒரு நாள் இருட்டில் வையுங்கள்.