கண் வறட்சிக்கான சொட்டு மருந்தும் களிம்பும்: பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாள்களில் சேலத்துத் தறிக்கூடங்களிலும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலும் இமைக்க மறந்து நுணுக்க வேலை பார்ப்பவர்களுக்கும், கணினியை நாள் முழுவதும் பார்த்திருப்பவர்களுக்கும், மாலையானால் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல் வந்துவிடுகிறது. இதற்கு மருத்துவர்கள் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீரில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது சோடியம் ஹயலுரோனேட் போன்ற வழவழப்பூட்டும் பொருள்கள் உள்ளன. மருந்து சாதுவானதுதான்; ஆனால் பாட்டிலுக்குள் கிருமி புகுந்துவிட்டால் அதே மருந்து பார்வையைப் பறிக்கும். 2023-இல் அமெரிக்காவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கலந்த செயற்கைக் கண்ணீரால் சிலர் பார்வையையே இழந்தார்கள். அங்கே பழுது தயாரிப்பிலேயே நேர்ந்தது என்றாலும், சுத்தமாக வந்த பாட்டிலை நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளவும் முடியும்.

மருந்துக் கடையில் “கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். சிவப்பை உடனே மறைக்கும் நாஃபாசோலின் வகை மருந்துகள் வறட்சிக்கானவை அல்ல. அவற்றைத் தொடர்ந்து விட்டால் நிறுத்தியதும் சிவப்பு மறுபடி கூடுதலாக வரும். ஸ்டீராய்டு கலந்தவை இன்னும் ஆபத்தானவை. கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் விட்டுவந்தால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். பழைய சீட்டைக் காட்டி அவற்றை மீண்டும் வாங்கும் வழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும்.

சில பாட்டில்களின் மூடிக்குள்ளேயே ஒரு சிறு முள் இருக்கும்; மூடியை இறுக்கித் திருகினால் அதுவே முனையில் துளையிடும். இதை அறியாமல் ஊக்கையோ ஊசியையோ கொண்டு குத்துகிறார்கள். அதனால் துளை பெரிதாகி மருந்து வீணாவதோடு அழுக்கும் உள்ளே போகிறது. திறந்த அன்றே தேதியைப் பாட்டில்மீது எழுதிவையுங்கள். லேபிளில் வேறு கெடு குறிப்பிட்டிருந்தாலன்றி, மருந்து மீதியிருந்தாலும் ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும்.

விடும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தபின், தலையைப் பின்னால் சாய்த்து அல்லது படுத்துக்கொண்டு, ஒரு விரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற இடம் தெரியும். பார்வையை மேலே நிறுத்தி, பாட்டில் முனை இமையையோ இமைமுடியையோ விரலையோ தொடாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கண்ணை அழுத்தாமல் மூடியிருங்கள். ஒரு சொட்டுக்குமேல் கண்ணில் தங்க இடமில்லை. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கை நடுங்கும் பெரியவர்கள் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால், படுத்துக் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையில் ஒரு சொட்டு விழச் செய்து, பிறகு இமையைத் திறந்தால் மருந்து தானாக உள்ளே இறங்கும்.

கண் அழுத்தத்துக்கும் மருந்து விடுபவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். களிம்பு எப்போதும் கடைசியில்தான். அரிசியளவோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கீழ் இமையின் உட்புறத்தில் இட்டுக் கண்ணை மூடினால் போதும். பார்வை சிறிது நேரம் மங்குமாதலால் படுக்கப் போகும்போது போடுவதே நல்லது. போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

நாளுக்கு நான்கு தடவைக்குமேல் சொட்டு மருந்து தேவைப்படுமானால், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதப்படுத்தி இல்லாத வகையை மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பதப்படுத்தி அடிக்கடி பட்டால் கருவிழியின் மேற்பரப்பே புண்படும். பதப்படுத்தி உள்ள மருந்தை கான்டாக்ட் லென்ஸ் அணிந்தபடி விடாமல், லென்ஸைக் கழற்றியபின் மருந்தை விட்டு, பதினைந்து நிமிடம் கழித்தே மாட்ட வேண்டும். ஒருமுறைக்கான சிறு குப்பிகளில் மிஞ்சியதை இரவுக்கென்று எடுத்துவைப்பது கூடாது. ஒரு பாட்டில் ஒருவருக்குத்தான். ‘மெட்ராஸ் ஐ’ பரவும் காலத்தில் வீட்டார் எல்லோரும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மருந்தை வண்டிப் பெட்டிக்குள் வைத்துக் கீழே வெயிலில் நிறுத்திவிடாமல் கைப்பையில் எடுத்துச் செல்லட்டும். எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் ஏறும்போது முகத்தில் அடிக்கும் காற்றே கண்ணை உலர்த்துகிறது. தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டால் சொட்டு மருந்தின் தேவையே குறையும்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றை அன்போடுதான் பெரியவர்கள் கண்ணில் விடச் சொல்கிறார்கள். ஆனால் அவை கிருமி நீக்கியவை அல்ல, ஆகவே வேண்டாம். பட்டறையில் அமிலம் தெறித்தால் சொட்டு மருந்தைத் தேடாமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் இருபது நிமிடமாவது கண்ணைத் திறந்தபடி கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், சீழ்போன்ற பூளை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் வறட்சியாக இராது. பாட்டிலை மூடிவைத்துவிட்டு, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.