அசோஸ்பைரில்லம் போட்டாச்சு, யூரியா எதற்கு?

காலாவதியான பாக்கெட், வெயிலில் கிடந்த பாட்டில் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதெல்லாம் உறையிலேயே அச்சடித்திருக்கிறது. தானியப் பயிருக்குப் புதிதாக அசோஸ்பைரில்லம் மாதிரி உயிர் உரம் (உயிருள்ள பாக்டீரியா) போடுகிறவர்கள், அந்தக் காலத்தில் நான் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதற்குத்தான் இது.

மக்காச்சோளத்துக்கு ரைசோபியம்

வேலைக்கு ஆகாது. அது பயறு வகைகளின் வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியா.

யூரியாவை அடியோடு நிறுத்துவது

இதைப் பார்த்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. தெரிந்த பையன் ஒருவன் மக்காச்சோள விதையில் அசோஸ்பைரில்லம் பூசி விதை நேர்த்தியைப் பிசகில்லாமல் செய்தான். இளம்பயிர் தளதளவென்று நின்றது. "காத்துல இருந்தே தழைச்சத்து இழுக்குதுண்ணே" என்று, வளரும் பயிருக்கு மேலுரமாகப் போட வேண்டிய யூரியாவை விட்டுவிட்டான். பயிர் முழங்காலைத் தாண்டியதும் அடி இலைகள் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக ஆப்பு வடிவில் மஞ்சளித்தன. நோய் என்று நினைத்து மருந்து வாங்கி அடித்தான். கடைசியில் கதிரின் நுனிப் பக்கம் மணியே பிடிக்கவில்லை.

பயறுச் செடியில் பாக்டீரியா முடிச்சுக்குள் குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது, ஆக்சிஜன் தாக்காமல் காக்கிறது, பதிலுக்குத் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அசோஸ்பைரில்லத்துக்கு அந்த வசதி இல்லை. வேரை ஒட்டி, வேர் கசியவிடுவதைத் தின்று வாழ்கிறது. பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தன் உடம்புக்கே வைத்துக்கொள்ளும்; அது செத்து மட்கினால்தான் பயிருக்கு வரும்.

அப்புறம் இளம்பயிர் ஏன் செழிக்கிறது? அசோஸ்பைரில்லம் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேர்த்தூவிகளைப் பெருக்குகிறது. அதாவது மண்ணில் இருக்கிற சத்தை உறிஞ்சும் திறன்தான் கூடியிருக்கிறது. மண்ணில் சத்தே இல்லாவிட்டால் எத்தனை வேர் இருந்து என்ன? ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுக்கும். ஹெக்டேருக்கு 5 டன் என்றால் 75 முதல் 100 கிலோ. வேரோரத்து பாக்டீரியா இவ்வளவையும் தந்துவிடும் என்று நம்புவது பேராசை.

சரி, முழு யூரியாவும் போட்டுவிட்டால்? அதுவும் வீண். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க பாக்டீரியாவுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகிறது. பக்கத்திலேயே யூரியாவிலிருந்து வரும் அமோனியம் தாராளமாகக் கிடைத்தால் அது ஏன் மெனக்கெடும்? அந்த உடைக்கும் வேலையைச் செய்கிற நைட்ரஜனேஸ் நொதியை நிறுத்திவிடும். யூரியாவில் கால் பங்கு குறைக்கலாம். அதையும் முதல் பருவத்தில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும். மீதியைப் பிரித்துப் போடுங்கள்.

பூஞ்சைக்கொல்லியோடு ஒரே வாளியில் கலப்பது

மருந்து முதலில், உயிர் உரம் கடைசியில். நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும்.

யூரியாவோடு கலந்து வீசுவது

கூடாது.

ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்வது

நல்ல மழை பெய்த வருடத்தில் எதைப் போட்டாலும் விளையும். அதே யூரியா, அதே தண்ணீர் கொடுத்து, உயிர் உரம் மட்டும் போடாத நாலு வரிசை விட்டுவையுங்கள். பூக்கும் முன் இரண்டிலிருந்தும் செடிகளை மண்ணோடு தோண்டி, வேரை அலசிப் பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் உங்கள் மண்ணில் அது வேலை செய்யவில்லை. அடுத்த பருவம் வேறு தயாரிப்பை முயலுங்கள், யூரியாவைக் குறைக்காதீர்கள்.