சுவிட்சை அணைத்தபின் டெஸ்டர் எரிகிறதா?

பிளக் பாயிண்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் கீழிரண்டு துளைகளிலும் டெஸ்டரை வைத்து, டெஸ்டரின் தலையிலுள்ள உலோகத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். எதிலாவது விளக்கு பளிச்சென்று எரிந்தால், பெரும்பாலும் சுவிட்ச் ஃபேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) அல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பிச் செல்லும் கம்பியில்) இணைக்கப்பட்டிருக்கிறது. நியூட்ரலைத் துண்டிக்கும் சுவிட்ச் மிக்சியை நிறுத்திவிடும் என்றாலும், 230 வோல்ட் அதன் உள்கம்பிவரை வந்து நின்றுகொண்டேயிருக்கும் என்பதால், அணைத்துவிட்டோம் என்று நம்பி ஈரக்கையோடு அதைத் துடைப்பவருக்கு உயிராபத்து உண்டு. இந்தியாவில், பெரிய எர்த் துளை மேலே இருக்க நேர்நின்று பார்க்கையில், வலத்துளை ஃபேஸாகவும் இடத்துளை நியூட்ரலாகவும் இருப்பதே முறை. மாறியிருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். அவருக்கு இது சிறிய வேலைதான், தள்ளிப்போடக் கூடாது.

சோதிக்கும் முன், மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு பாயிண்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மங்கலான ஒளி, பக்கத்துக் கம்பியின் தூண்டலாலும் வரலாம் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய இயலாது. எர்த் இணைப்பின் தரத்தையும் இச்சோதனை காட்டாது: அத்துளையில் விளக்கு எரியாதது, எர்த் கம்பி உண்மையில் நிலத்தோடு சேர்ந்திருப்பதற்குச் சான்றாகாது. துளைகளுக்குள் பாதுகாப்பு மூடியுள்ள பாயிண்டுகளில் அம்மூடியைக் கம்பியால் நெம்பித் திறக்க முயல வேண்டாம்.