மாமா வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு மஞ்சள் பட்டையும்

போன மாதம் பாலக்கோட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. "வைரஸ் போல இருக்குது மாப்ளே, நல்ல ஆன்டிவைரஸா ஒண்ணு ஏத்திக் குடு" என்றார். பார்த்தால், ஏற்றுவதற்கு முன் எடுக்க வேண்டியது நிறைய இருந்தது.

அன்று செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். இது விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய மெஷின் 11-ஐத் தாங்காது என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் இருக்கிறது, இலவசம்.

படி 1: செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ். தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். மாமாவிடம் டிரைவர் அப்டேட்டர் இரண்டு, 'வேகமாக்கும்' கிளீனர் ஒன்று, யார் போட்டது என்றே தெரியாத டூல்பார் ஒன்று. எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்தேன். பிரிண்டர், சவுண்ட் போன்றவற்றை இயக்கும் டிரைவரையெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும்.

படி 2: கிராக் சாஃப்ட்வேர், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போட்டது. மெஷினை அசெம்பிள் செய்தவர் அன்பாகப் போட்டுக் கொடுத்த ஆபீஸ் இருந்தது. அந்த ஃபோல்டரில் ஒரு குறிப்பு: 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.' ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, நாயைக் கட்டிப் போடுங்கள் என்கிறவனை உள்ளே விடுவோமா?

அதை நீக்கினால் மட்டும் போதாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குள் மேனேஜ் செட்டிங்ஸ் போய், கடைசியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறங்கள். இங்கே எழுதியிருப்பதை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்காது. மாமாவிடம் சி டிரைவ் முழுவதும் அங்கே இருந்தது! அதை எடுத்துவிட்டு, விண்டோஸ் திறப்பதற்கு முன்பே சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். அப்புறம் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அவர் போனிலிருந்து மாற்றச் சொன்னேன்.

படி 3: மாற்று. ஆபீஸுக்கு லிப்ரேஆபீஸ், வீடியோவுக்கு விஎல்சி. கூகுளில் தேடினால் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவதைத் தொடாதீர்கள். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். தமிழ் டைப்பிங்குக்கு எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

படி 4: இன்ஸ்டால் செய்யும்போது 'அனுமதிக்கலாமா' என்று ஒரு பெட்டி வரும். அவசரமாக யெஸ் அழுத்தும் இடம் இதுதான். அதில் தயாரிப்பாளர் பெயரைப் படியுங்கள். லிப்ரேஆபீஸ் என்றால் 'தி டாகுமென்ட் ஃபவுண்டேஷன்' என்று இருக்க வேண்டும். பட்டை மஞ்சளாக, பெயர் 'அன்னோன்' என்று வந்தால் நோ. சில நல்ல சின்ன சாஃப்ட்வேர்களுக்கும் மஞ்சள் வரும்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் அந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

படி 5: ஆன்டிவைரஸ். டிஃபெண்டரே போதும். இரண்டு வைத்தால் ஒன்றோடு ஒன்று மோதும்.

கடைசியாகப் பென்டிரைவ். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்து செருகினால், ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருக்கலாம். அவற்றை டபுள் கிளிக் செய்யாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ போய் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் அசல் ஃபோல்டர் மங்கலாகத் தெரியலாம். மாமாவின் பட்டா நகல் அப்படித்தான் கிடைத்தது.