புகை கலைந்ததும் மானைக் காணோமா? கரிமருந்துத் துப்பாக்கி வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்றாலே போலீஸ் வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். நான் இருக்கும் பென்சில்வேனியாவிலோ அதன் தாத்தாவுக்கு 1974 முதல் தனி மான் சீசனே உண்டு. இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறியில் வெடிக்கும் துப்பாக்கி மட்டும்தான், டெலஸ்கோப் கூடாது. போன சீசனில் புதிதாக வந்த இரண்டு பேரோடு காட்டுக்குப் போனேன். நான் ஆரம்பத்தில் செய்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் செய்தார்கள்.

குழல் வாய் வழியாக முதலில் போட வேண்டிய வெடிமருந்தை மறந்து, வெறும் குண்டைக் கோலால் இடித்து இறக்குவதைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லோரும் ஒருமுறை செய்வோம், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

கிண்ணி நிறைய மருந்து

குழலுக்கு வெளியே, பக்கத்துளையை ஒட்டியிருக்கும் சின்னக் குழிதான் கிண்ணி, பொறி முதலில் விழுவது அதிலுள்ள மருந்தில். நிறையப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று தோன்றும். நேர்மாறு. கிண்ணியிலிருக்கும் மருந்து குழலின் பக்கத்துளையை மூடிவிட்டால் அது திரி மாதிரி மெதுவாக எரிந்துகொண்டே உள்ளே போகும். கிளிக், புஸ்ஸ், அப்புறம்தான் டமார். அந்த இடைவெளியில் முகத்துக்கு முன்னால் நெருப்பைப் பார்த்துத் தோள் அசையாத ஆளே கிடையாது. துளைக்குக் கீழே நிற்கிற அளவு போதும், பொறி தாவி உள்ளே போய்விடும்.

மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி

குழல் வீங்கும், சமயத்தில் வெடிக்கும். குண்டு மருந்தின்மேல் உட்காரும்போது கோல் எதுவரை இறங்குகிறது என்று அதில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

நவீனத் துப்பாக்கியின் புகையற்ற மருந்து

கூடவே கூடாது.

‘தப்பிவிட்டது’ என்று திரும்பி வருவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, காரணம் இதை முதலில் செய்தவன் நானே. என் முதல் வருடம். ஐம்பது காலிபர், அதாவது அரை அங்குலக் குழல், எழுபது கிரெயின் (சுமார் நாலரை கிராம்) மருந்து, பதினொன்றரை கிராம் எடையுள்ள உருண்டை ஈயக்குண்டு. நாற்பது கெஜ தூரத்தில் பெண்மான், பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். காற்றே இல்லாத காலை, எனக்கும் மானுக்கும் நடுவில் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் புகை. கலைந்தபோது காடு காலி. பனியில் பத்தடி நடந்து பார்த்தேன், ஒரு சொட்டு ரத்தமில்லை. கை நடுங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். மறுநாள் காலை காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. நூற்றிருபது கெஜம் தள்ளி லாரல் புதருக்கடியில் கிடந்தது, பின்பாதியை நரியோ கயோட்டி என்ற இந்த ஊர்ச் சின்ன ஓநாயோ தின்றிருந்தது. குண்டு நுரையீரலைத் துளைத்து மறுபக்கத் தோலுக்கடியில் சப்பையாகி நின்றிருந்தது.

விஷயம் அதுதான். உருண்டைக் குண்டு பல நேரம் மறுபக்கம் வெளியே வராது. ஒரே ஓட்டை, அதுவும் உடம்பின் மேல்பகுதியில் இருந்தால், உள்ளே ரத்தம் நிரம்பிய பிறகுதான் வெளியே சொட்டும். அதற்குள் மான் ஐம்பது, நூறு கெஜம் ஓடிவிடும். சாதாரண ரைபிள்காரனுக்கு மான் எப்படித் துள்ளியது, எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். நமக்குப் புகைதான் தெரியும். ஆகவே விசையைத் தொடும் முன்பே மானுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைக் குறித்து வையுங்கள். சுட்டதும் குனிந்து புகைக்கு அடியில் பாருங்கள், காதையும் தீட்டிக்கொள்ளுங்கள், சருகு முறியும் சத்தம் திசை சொல்லும். நின்ற இடத்திலேயே மறுபடி மருந்து போட்டுக் குண்டை இறக்குங்கள். அரைமணி நேரம் காத்திருங்கள். பிறகு அந்த மரத்தடிக்குப் போய் ரத்தத்தைத் தேடாமல், குண்டு கத்தரித்த முடியைத் தேடுங்கள்.

போன சீசனில் அந்த இருவரில் இளையவன், “ப்ரோ, மிஸ் ஆயிடுச்சு, போலாம்” என்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டான். போக விடவில்லை. கொஞ்சம் வாக்குவாதம்கூட ஆயிற்று. மரத்தடியில் கத்தரித்ததுபோல் ஒரு கொத்து முடி, பக்கத்திலேயே குளம்பு இரண்டாக விரிந்து சறுக்கிய தடம். அறுபது அடி வைத்த பிறகுதான் பனியில் கடுகளவு சிவப்பு. அப்புறம் ஓடைக்கரையில் மான். அன்று மாலை அவன் போட்ட போட்டோவில் தடம் பார்த்த கதை முழுக்க அவனுடையதாகிவிட்டது, சரி, போகட்டும்.

நூறு கெஜத்தில் சுட்டுப் பார்ப்பது

அங்கே போய்ச் சேர்வதற்குள் உருண்டைக் குண்டு கிட்டத்தட்டப் பாதி வேகத்தை இழந்துவிடும். கிட்டே போங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

நாளைக்குத் துடைக்கலாம் என்று வைப்பது

எரிந்த மருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், நாளைக்குத் துருதான் இருக்கும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். கந்தகம் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அதனால் சமையலறையில் மட்டும் வேண்டாம்.