மாடியிலிருந்து வீசிய பந்தும் இருபடிச் சமன்பாடும்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அடிக்கும் டென்னிஸ் பந்து சில நாள் மொட்டை மாடிக்கே வந்துவிடும். கார் நிறுத்தும் தரைத்தளம், அதன் மேல் நான்கு மாடி. சுமார் 15 மீட்டர் உயரம். பந்தை எடுத்துச் சற்று மேல்நோக்கித் தெருவுக்கு வீசுகிறேன். எப்போது தரையைத் தொடும்?

முதலில், தெரிந்ததை எழுதுவோம். உயரத்தை உ என்றும், நேரத்தை நே என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய வேகம் வினாடிக்கு 10 மீட்டர். ஈர்ப்பு இல்லையென்றால்:

உ = 15 + 10நே

அடுத்து ஈர்ப்பைச் சேர்க்க வேண்டும். பலரும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம். ஈர்ப்பு மேல்நோக்கிய வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் அளவு குறைக்கிறது. தொடக்கத்தில் குறைவு 0, நே வினாடி கழித்து 9.8நே. சராசரி அதில் பாதி, 4.9நே. அதை நேரத்தால் பெருக்கினால் 4.9நே². இருபடி வந்தது இப்படித்தான். கணக்கு எளிதாக இருக்க 4.9-ஐ 5 என்று கொள்வோம்:

உ = 15 + 10நே − 5நே²

தரையில் உ = 0. எல்லாவற்றையும் −5-ஆல் வகுத்தால்:

நே² − 2நே − 3 = 0
(நே − 3)(நே + 1) = 0

நே = 3 அல்லது −1. பந்து 3 வினாடியில் விழும். பக்கவாட்டு வேகம் வினாடிக்கு 6 மீட்டர் என்றால், காற்றுத் தடையை விட்டுவிட்டால் அது மாறாது. 18 மீட்டர் தள்ளி விழும்.

சரி, அந்த −1? தேர்வில் அதை அடித்துவிடச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த விடை அதுதான். பந்தின் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். நான் வீசுவதற்கு 1 வினாடி முன்பு, யாரோ தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் மேல்நோக்கு வேகத்தில் அடித்திருந்தாலும் பந்து இதே வளைகோட்டில், அதாவது பரவளையத்தில்தான் வந்திருக்கும். பரவளையம் சமச்சீரானது என்பதால் −1-க்கும் 3-க்கும் நடுவில், நே = 1-இல், உச்சி. சமன்பாட்டில் போட்டால் உ = 20 மீட்டர்.

அப்புறம், 5-க்குப் பதில் 4.9 வைத்து இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தால் தீர்த்தால் சுமார் 3.05 வினாடி வரும். நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.