கடன் பத்திரங்களின் வழியே தாத்தாவைத் தேடுவது எப்படி

நொடித்துப்போன விவசாயியைப் பற்றித்தான் காகிதம் அதிகம் கிடைக்கும். ஒழுங்காகக் கிஸ்தி (நிலவரி) கட்டி, கடன் வாங்காமல், நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுப்போனவருக்குச் சிட்டா என்ற நில உடைமைக் கணக்கில் ஒரு வரி இருந்தாலே அதிகம். கடன்பட்டவரோ போன இடமெல்லாம் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருப்பார்.

நான் மன்னார்குடிப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அப்பாவைப் பெற்ற தாத்தாவை நான் பார்த்ததில்லை. சீட்டாடியும் குடித்தும் ஒன்றரை வேலி நஞ்சையைத் தொலைத்தவர் என்று வீட்டில் பேச்சு. வேலிக்கு இருபது மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆக, பத்து ஏக்கர். அதைச் சீட்டில் விடுவதற்குக் கொஞ்சம் திறமையே வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அவருடைய காகிதங்களைத் தேடிய முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், பெயரை வைத்துத் தேடாதீர்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் வேறு. ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்திருப்பார்கள். நிலத்தைப் பிடியுங்கள். குடும்பத்துக்கு இருந்ததாகச் சொல்லப்படும் வயல் எது என்று ஊரில் வயசானவரிடம் கேட்டு, அதன் இன்றைய புல எண்ணை (சர்வே எண்ணை) கண்டுபிடியுங்கள். 1980-களில் முடிந்த, யூ.டி.ஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்புத் திட்டத்தில் பட்டாவெல்லாம் திருத்தி எழுதப்பட்டன. அப்போது தயாரான, ஊரின் புல எண்களை வரிசையாகக் காட்டும் அ-பதிவேட்டில் புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண் இல்லாமல் 1930-களுக்குள் நுழைய முடியாது. தாலுகா அலுவலகத்தில் நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வருஷத்தோடு நின்றுவிடும். அதற்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டும். வருஷக் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். அதனால் பத்துப் பத்து வருஷமாகப் பின்னோக்கிப் போங்கள். சொத்து சம்பந்தமான பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் மாதிரியானவை அந்தக் காலத்தில் 4-ஆம் புத்தகத்தில். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர், அவர்களுடைய வாரிசு என்ற உரிமை இருந்தால்தான் அதில் நகல் தருவார்கள். வாரிசுச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் வேறு சார்பதிவகத்தில் சேர்ந்திருந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நகல் கைக்கு வந்தபிறகு எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. கடன் எதற்கு என்ற பத்தி, சாட்சி போட்டவர் யார், நாலெல்லையில் பக்கத்து வயல்காரர் யார், அலுவலகத்தில் இவரை அடையாளம் காட்டியவர் யார், பணத்தைப் பதிவாளர் எதிரில் எண்ணிக் கொடுத்தார்களா அல்லது ‘முன்னமே பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புக்கொண்டாரா. எதிரில் பணம் கைமாறவில்லை என்றால் பெரும்பாலும் அது பழைய கடனுக்குப் புதுக் காகிதம்.

புரோநோட்டுக்குக் காலாவதி மூன்று வருஷம். அதற்குள் வசூலாகாவிட்டால் வட்டியை முதலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவார்கள், அல்லது நிலத்தின் மேல் அடமானமாக மாற்றிக்கொள்வார்கள். நோட்டு பதிவாகாது. ஆனால் பின்னால் வரும் அடமானப் பத்திரத்தில் ‘இன்ன தேதியில் எழுதிக்கொடுத்த நோட்டின் பேரில் அசலும் வட்டியுமாக’ என்று அதன் ஜாதகம் முழுக்க இருக்கும். என் தாத்தா 1934-இல் எழுதிய அடமானத்தில் 1931 நோட்டும், அதற்குள் ஒளிந்திருந்த 1928 நோட்டும் வந்துவிட்டன. கையில் வாங்கிய ரொக்கத்தைத் தனியாகக் கூட்டிப் பார்த்தால் மொத்தக் கடனில் பாதிகூட இல்லை.

வருஷங்களையும் பாருங்கள். 1929-இல் தொடங்கி உலகமெங்கும் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது. பர்மா அரிசியும் வந்து குவிந்தது. கிஸ்தி ரூபாயில் நிர்ணயித்த தொகை. நெல் விலை விழுந்தால் அதே கிஸ்திக்கு அதிக மூட்டை விற்க வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரங்களும் 1930-க்கும் 1937-க்கும் நடுவில் குவிந்திருந்தால், தனி மனிதரின் குணத்தைப் பற்றிப் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பத்திரத்தில் எழுதியிருக்கும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘குடும்ப அவசியச் செலவுக்காகவும், கிஸ்தி கட்டும் பொருட்டும்’ என்று ஏறக்குறைய எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். கூட்டுக்குடும்பச் சொத்தைத் தகப்பன் எழுதிக்கொடுத்தால், அவசியத்துக்காக எழுதினான் என்றோ பழைய கடனைத் தீர்க்க எழுதினான் என்றோ இருந்தால்தான் அது பிள்ளைகளைக் கட்டும். கடன் கொடுப்பவர் இது தெரிந்தவர். அந்த வாசகம் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்கமாட்டார். நானே எத்தனையோ பேருக்கு அந்த வரியைக் காரணம் கேட்காமல் எழுதியிருக்கிறேன்.

இதன் மறுபக்கம்தான் எங்கள் வீட்டுக் கதையையே புரட்டிப் போட்டது. 1-ஆம் புத்தகத்தில் கோர்ட் ஏலச் சான்றின் நகலும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அதில் வழக்கு எண்ணும் வருஷமும் இருக்கும். அதைக் கொண்டுபோய் முன்சீப் கோர்ட்டில் நகல் மனுப் போட வேண்டும். பழைய பிராதுகளைக் கால அளவு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். தீர்ப்பு கிடைத்தால் போதும், இரண்டு தரப்பும் என்ன சொன்னது என்பது அதிலேயே சுருக்கமாக இருக்கும்.

எனக்குக் கிடைத்த தீர்ப்பில் இரண்டு வழக்குகள் சேர்ந்திருந்தன. ஒன்று, கடன் கொடுத்தவர் போட்டது. மற்றது, மைனராக இருந்த என் அப்பா பெயரில் பாட்டி கார்டியனாக இருந்து போட்டது. அதில் என்ன சொல்லியிருந்தார்கள் தெரியுமா? ‘தகப்பன் சூதாடி, குடிகாரன், இந்தக் கடன் துன்மார்க்கத்துக்காக வாங்கியது, ஆகவே மகன் பாகத்தைக் கட்டாது.’ அந்தக் காலத்து இந்து சட்டப்படி தகப்பன் கடனை மகன் தீர்த்தாக வேண்டும். சூது, குடி மாதிரியான துன்மார்க்கத்துக்கு வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு. ஆகவே நிலத்தில் பாதியையாவது காப்பாற்ற வக்கீல்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதம் அது. பல வீடுகளில் தகப்பனே தெரிந்துதான், சில சமயம் அவரே வக்கீலுக்குப் பணம் கொடுத்துத்தான் இந்த வழக்கு நடந்திருக்கும். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சூதுக்குச் சாட்சியம் இல்லை என்று வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. கோர்ட் நம்பாத கதையைக் குடும்பம் எண்பது வருஷம் நம்பியிருக்கிறது.

அதற்காக அவரை உத்தமர் ஆக்கவும் எனக்கு மனமில்லை. 1933-இல் கும்பகோணத்து ஆள் ஒருவரிடம் ‘சொந்தச் செலவுக்காக’ என்று மட்டும் போட்டு ஒரு சின்ன அடமானம் இருக்கிறது. குடும்பம் என்ற சொல்லே அதில் இல்லை. அது சீட்டுக்காக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ஏலத் தேதியை 1938 மார்ச் மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் வழக்கு நடந்திருந்தால், கடனைக் குறைக்கச் சொல்லி மனு ஏதாவது போட்டார்களா என்று தேடுங்கள். வரவு செலவு முழுக்க அதில் கிடைக்கும். என் தாத்தாவின் நிலம் 1937 கடைசியிலேயே ஏலம் போய்விட்டது.

ரெவின்யூ கணக்குகளில், ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுதான் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. யார் சாகுபடி செய்தார் என்று காட்டும் பழைய அடங்கல் கணக்கு தப்பியிருந்தால், பட்டா இவர் பெயரில் இருந்து சாகுபடி வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டிருக்கலாம். வட்டிக்குப் பதில் கடன் கொடுத்தவர் விளைச்சலை எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். கிஸ்தி பாக்கிக்காக சர்க்காரே ஏலம் போட்டிருந்தால் அது 1864-ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டப்படி நடந்திருக்கும். அந்த அறிவிப்புகளை ஜில்லா கெஜட்டில் தேடலாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆராய்ச்சி அனுமதி வாங்கிப் போக வேண்டும்.

ஆள் திடீரென்று காகிதத்திலிருந்து மறைந்தால், மனைவி பெயரில் எழுதிய பவர் இருக்கிறதா பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்கள் நம் பக்கம் ஏராளம். அப்புறம், இறப்புப் பதிவேடு. கிராம முன்சீப் எழுதி அனுப்பியது, தாலுகாவில் இருக்கலாம். காரணம் என்ற கட்டத்தில் ‘ஜுரம்’ என்று இருந்தால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் ஜுரம்தான் எழுதினார்கள்.

உங்கள் தாத்தா சொந்த நிலம் இல்லாத குத்தகைதாரர் என்றால் மேலே சொன்னதில் பாதி உதவாது. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி எழுதிய குத்தகைப் பதிவேட்டில் வாரிசு பெயராவது இருக்கும். கோயில் அல்லது மடத்து நிலமாக இருந்தால் அவர்களுடைய குத்தகை பாக்கிக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பண்ணையாளாக இருந்தவருக்கு இதுவும் கிடையாது. அங்கே வாய்மொழிதான்.

கடைசியாக ஒன்று. காகிதம் கையில் வந்ததும் வீட்டில் யாராவது ஒரு சித்தப்பா ‘அந்த அடமானம் மீட்கவே இல்லையே, நிலத்தைக் கேட்கலாமே’ என்று கிளம்புவார். அடமானத்தை மீட்க அந்தக் காலத்தில் 60 வருஷம் அவகாசம் இருந்தது. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அதை 30 ஆக்கிவிட்டது. ஏலம் போனதற்கு அதுவும் கிடையாது. இதைச் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடன் கொடுத்தவருடைய பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம் அவர்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். நிலம் கேட்டு வரவில்லை என்று தெரிந்தால்தான் பெட்டியைத் திறப்பார்கள்.